உரோமரின் படைச் செலவும் நாணயத்தின் வீழ்ச்சியும்

கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குளோடியஸ் என்பான் உரோமப் பேரரசனாக வீற்றிருந்த காலத்தில் நிகழ்ந்தது இது. செங்கடல் துறைகளில் வரி அறவிடும் குத்தகையைப் பெற்றிருந்த அன்னியஸ் புளோக்காமஸ் என்ற உரோமனுடைய ஆள் ஒருவன், அராபியக் கரையோரமாகக் கப்பலிற் செல்லுங்கால் கடுங்காற்றில் அகப்பட்டுத் திசை தப்பினான். பதினைந்தாம் நாள் அவனுடைய கப்பல் இலங்கைத் துறையொன்றை வந்தடைந்தது. இந்நாட்டு மன்னன் அவனை அன்புடன் வரவேற்று விருந்தோம்பினான். ஆறு மாத காலம் இங்குத் தங்கி நாட்டு மொழியைக் கற்றுக்கொண்ட அவன், மன்னன் கேட்ட வினாக்களுக்கெல்லாம் விடை பகர்ந்தான். அவனிடமிருந்த உரோம வெள்ளிக்காசுகளையும் மன்னன் கண்ணுற்றான். காசுகளிற் பொறிக்கப்பட்ட முகங்கள் வெவ்வேறாயிருந்தன. ஆகவே அவை ஒருவர்க்கு மேற்பட்ட ஆட்சியாளரால் வெளியிடப்பட்டவை என்பது புலனாயிற்று. ஆயினும் அவற்றின் எடை மட்டும் ஒன்றாகவே இருந்தது. ஆள்பவர் மாறியும் காசின் நிறை மாறாதிருந்ததைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்த மன்னன், உரோமாபுரிக்கு நால்வர் அடங்கிய தூதுக்குழு ஒன்றை அனுப்பிவைத்தான்.

இச்செய்தியைத் தமது நூலில் எழுதிவைத்தவர், 79 ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தால் உயிர் நீத்த பிளினி என்னும் உரோம அறிஞர். தமிழிலே நாணயம் என்ற சொல் காசுக்கும் பெயராகும். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் பெயராகும். இலங்கை மன்னன் ஒரு நாட்டின் காசைக் கையில் ஏந்தி அந்நாட்டின் நேர்மையை நிறுத்துப் பார்த்தானெனின், இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்பதை அவன் அறிந்திருந்தான் என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் அவன் வியந்த அந்த நிறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. குளோடியசுக்குப் பின் முடிசூடிய நீரோ, 64 ஆம் ஆண்டளவில் வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் ஏறத்தாழ 200 ஆண்டுகளில் உரோமரின் வெள்ளிக்காசு, வெள்ளி முலாம் பூசிய செப்புத் துண்டாகச் சீர்கெட்டது. அத்துணைப் பெரிய பேரரசுக்கு இந்நிலை எவ்வாறு வந்தது? காரணங்கள் பல. கொள்ளைநோய், அயலார் படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதிற் பங்குண்டு. அவை யாவற்றையும் ஊடுருவிச் செல்லும் இழை ஒன்றும் உண்டு. அதுவே படைச் செலவு. நாட்டைக் காப்பதற்கென்று செய்யப்படும் செலவு எந்த எல்லை வரையில் நாட்டைக் காக்கின்றது, எந்த எல்லையைக் கடந்தபின் காக்க வந்த நாட்டையே அரிக்கத் தொடங்குகின்றது என்பதை உரோம வரலாற்றைப்போல் விளக்கமாகக் காட்டும் வரலாறுகள் சிலவே.

கி. மு. 31 ஆம் ஆண்டில் அக்தியம் என்னுமிடத்து நிகழ்ந்த கடற்போரில் வென்று உரோம உலகின் தனித் தலைவனான ஒகஸ்தஸ், முதலிற் செய்த பணிகளுள் ஒன்று படையைக் குறைத்தமையாகும். உள்நாட்டுப் போர்களின்போது லீஜியன் எனப்படும் பெரும்படைகள் 60 அளவிற்குப் பெருகியிருந்தன. அவற்றை அவன் 28 ஆகக் குறைத்தான். படை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5,000 வீரர் இருந்தனர். கி. பி. 9 ஆம் ஆண்டில் ஜெர்மானியக் காடுகளில் மூன்று பெரும்படைகள் அடியோடு அழிந்தபொழுது, அவற்றுக்கு ஈடாகப் புதிய படைகளைத் திரட்டாது எஞ்சிய 25 உடன் அமைந்தான். துணைப்படைகளையும் சேர்த்து, அத்திலாந்திக் கடல் முதல் யூபிரத்தீஸ் ஆறு வரை பரந்து கிடந்த பேரரசு முழுவதற்கும் மூன்று இலட்சத்துக்கு மேற்படாத வீரரே காவல் செய்தனர். பெரும்படை வீரன் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 வெள்ளிக்காசு. அது மூன்று தவணையாக வழங்கப்பட்டது.

பணிக்காலம் முடிந்து விலகும் வீரனுக்கு 3,000 வெள்ளிக்காசு கொடுபட வேண்டும் என்பதும் விதி. இத்தொகை பதின்மூன்று ஆண்டுச் சம்பளத்துக்கு மேற்பட்டதாகும். இதற்கெனப் பணம் எங்கிருந்து வருவது? முற்காலப் படைத்தலைவர்கள் குடிகளின் நிலங்களைப் பறித்துத் தம் வீரர்க்குப் பகிர்ந்தளித்தனர். அக்கொடுமையை நேரிற் கண்டும் செய்தும் இருந்த ஒகஸ்தஸ், 6 ஆம் ஆண்டில் படைத் திறைசேரி ஒன்றைத் தனியாக நிறுவினான். அதற்குத் தன் சொந்தப் பொருளிலிருந்து 4 கோடியே 25 இலட்சம் வெள்ளிக்காசுகளுக்குச் சமமான தொகையை முதலாக வைத்தான். உரோமக் குடிகள் பெறும் மரபுரிமைச் சொத்தில் நூற்றுக்கு 5 வீதமும், ஏலத்தில் விற்கப்படும் பொருளில் நூற்றுக்கு ஒரு வீதமும் வரியாக அதிற் சேர வேண்டும் என்று விதித்தான். நெருங்கிய உறவினர்க்கும் வறியவர்க்கும் மரபுரிமை வரி இல்லை. செல்வர் முணுமுணுத்தனர். வேறு வழி இருப்பின் கூறுங்கள் என்று ஒகஸ்தஸ் அவர்களையே கேட்டான். வரி நிலைத்தது. படைக்குச் செலவு எவ்வளவு, அதனைக் கொடுப்பவர் யாவர் என்பவை அன்று வெளிப்படையாயிருந்தன. பின்வந்த கேடுகளை விளங்கிக்கொள்வதற்கு இந்த வெளிப்படைத் தன்மையை மனத்திற் கொள்ளுதல் அவசியமாகும்.

படைச் செலவு முழுவதும் வீண் செலவென்று கூறுதல் நீதியன்று. முதலிரு நூற்றாண்டுகளில் அச்செலவினால் விளைந்த நன்மைகள் மிகப் பல. கடற்கொள்ளை ஒடுங்கியது. படைவீரர் அமைத்த கல்வீதிகளில் வணிகரின் வண்டிகளும் சென்றன. எல்லைப்புற முகாம்களில் ஆயிரக்கணக்கான வீரர் காசைக் கையில் வைத்திருந்தமையால், அவர்க்குத் தானியமும் தோலும் துணியும் விற்பதற்கு முகாம்களின் அருகே சந்தைகள் தோன்றின; சந்தைகள் நகரங்களாயின. இன்றைய கொலோன், வியன்னா, புடாபெஸ்ட், யோர்க் ஆகிய நகரங்கள் உரோமப் படை தங்கிய இடங்களில் வளர்ந்தவையே. உள்நாட்டு மாகாணங்கள் வரியாகச் செலுத்திய பணம் எல்லையிற் சம்பளமாகப் பகிரப்பட்டு, வாணிகத்தின் வழியாக மீண்டும் அம்மாகாணங்களுக்கே திரும்பிவந்தது. பிரித்தானியாவின் வடகோடியில் விந்தொலாந்தா என்னும் படைமுகாமிருந்த இடத்தில், 100 ஆம் ஆண்டை அடுத்த காலத்து மரத்தகட்டுக் கணக்குகள் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. வீரன் ஒருவன் மிளகு வாங்கியதற்கு 2 வெள்ளிக்காசு என்பது அவற்றுட் காணப்படும் ஒரு குறிப்பு. சேர நாட்டு மலைச்சரிவிற் பழுத்த மிளகு, முசிறி போன்ற துறைகளிற் கப்பலேறி, பனிபெய்யும் அந்நிலத்துச் சிப்பாயின் கலத்தைச் சென்றடையும் அளவுக்கு அச்சம்பளப் பணம் உலகைச் சுற்றிவந்தது.

எனினும் இவ்வேற்பாட்டின் அடிப்படையில் ஒரு பலவீனம் இருந்தது. அரசிறையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு படைக்கே சென்றது என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. பெரும்பாலான குடிகளோ ஏர்த்தொழிலையே நம்பியிருந்தனர். ஒரு மழை பொய்த்தால் வரியும் பொய்க்கும். பிற்காலத்து ஐரோப்பிய அரசுகளைப்போல் பொதுமக்களிடம் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும் முறையை உரோமர் அறிந்திலர். ஆகவே சம்பள நாளுக்கு முன் திறைசேரி வறண்டதாயின், பேரரசன் முன் மூன்று வழிகளே இருந்தன. புதிய வரி விதித்தல் ஒன்று. செல்வரின் சொத்தைப் பறித்தல் மற்றொன்று. உள்ள வெள்ளியில் முன்னிலும் மிகுதியான காசை அடித்தல் மூன்றாவது. முதலிரண்டும் பகையை உடனே தேடித் தரும். மூன்றாவதன் தீமையோ மெல்ல மெல்லவே வெளிப்படும். அதனாலேயே அது மன்னர்களுக்கு இனித்தது.

நீரோவுக்கு முன் ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசு அடிக்கப்பட்டது. அவன் 96 காசு அடிப்பித்தான். உரோமாபுரியை எரித்த பெருந்தீக்குப் பின் நகரை மீளக் கட்டும் செலவும், நீரோவின் ஆடம்பரமும், ஆர்மீனியாவிலும் பிரித்தானியாவிலும் நடந்த போர்களும் அவனை இவ்வழிக்குத் தள்ளின. உரோமாபுரியிற் கடைக்காரர் அதனைப் பொருட்படுத்தினரோ இல்லையோ, கடல் கடந்த நாடுகளில் அது மறைந்திருக்கவில்லை எனலாம். தென்னிந்தியாவிற் புதையல்களாக வெளிப்பட்ட உரோம வெள்ளிக்காசுகளுள் மிகப் பெரும்பாலானவை ஒகஸ்தஸ், தைபீரியஸ் ஆகிய முதலிரு பேரரசரின் காலத்தவை. நீரோ குறைத்த காசுகள் அவற்றில் அரிதாகவே காணப்படுகின்றன. இலங்கை மன்னனைப்போல் தமிழ்நாட்டு வணிகரும் நல்ல காசைப் பொறுக்கி எடுக்க அறிந்திருந்தனர்.

இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்க்கஸ் ஒரேலியஸ் என்னும் அறிவாளன் அரசு செலுத்தினான். 165 ஆம் ஆண்டளவிற் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் வீரரையும் உழவரையும் ஒருங்கே வாரிச் சென்றது. அதே காலத்தில் தன்யூப் ஆற்றுக்கு அப்பாலிருந்து மார்க்கோமன்னர் முதலிய இனத்தார் படையெடுத்து வந்தனர். திறைசேரி வறண்டது. நொந்திருந்த மாகாணங்கள் மீது மேலும் வரி சுமத்த மனமில்லாத பேரரசன், அரண்மனைப் பொற்கிண்ணங்களையும் பட்டாடைகளையும் அணிகலன்களையும் உரோமாபுரிச் சந்தைவெளிக்குக் கொண்டுவந்து இரண்டு மாத காலம் ஏலத்தில் விற்றுப் போர்ச் செலவை ஈடுசெய்தான் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறும். போரில் வென்றபின் வீரர் வழக்கத்துக்கு மேற்பட்ட வெகுமதி கேட்டபொழுது அவன் மறுத்துவிட்டான். உரிய சம்பளத்துக்கு மேல் அவர்கள் பெறும் ஒவ்வொரு காசும் அவர்களுடைய பெற்றோரிடத்தும் உறவினரிடத்தும் பிழிந்தெடுக்கப்படுவதேயாகும் என்று அவன் விளக்கினான் என வரலாற்றாசிரியர் டியோ குறித்துள்ளார். இவனும் நெருக்கடியிற் காசின் வெள்ளியைச் சிறிது குறைத்தவனே. ஆயினும் படைக்குச் செல்லும் பணம் வானத்திலிருந்து விழுவதன்று, வீரனுடைய வீட்டிலிருந்தே வருவது என்ற உண்மையை வீரரின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு அவனிடம் இருந்தது. அவனுக்குப் பின் அத்துணிவு கொண்டோர் அரியராயினர். அத்துணிவு கொண்டோர் உயிர் பிழைத்தலும் அரிதாயிற்று.

அவன் மகன் கொமோடஸ் 192 ஆம் ஆண்டின் இறுதி நாளிற் கொலையுண்டான். அடுத்து வந்த பேர்த்தினாக்ஸ் சிக்கனத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட முயன்று, மூன்று மாதத்துக்குள் தன் மெய்க்காவற் படையினர் கையாலேயே மாண்டான். அதன்பின் நிகழ்ந்தது போன்றதொரு காட்சியை உலக வரலாறு அதிகம் கண்டதில்லை. காவற்படையினர் தம் பாசறை மதிலின் மீது நின்று, யார் மிகுதியாகத் தருவாரோ அவரே பேரரசர் என்று விலை கூறினர். டிடியஸ் யூலியானஸ் என்னும் செல்வன், வீரன் ஒருவனுக்கு 6,250 வெள்ளிக்காசு வீதம் தருவதாக ஏலத்தை முடித்து முடிசூடினான். சாதாரணப் படைவீரன் 20 ஆண்டுகளுக்கு மேற் பணிசெய்து பெறும் சம்பளத்துக்கு ஈடான தொகை அது. முன்னர் அரண்மனைப் பொருளை விற்றுப் படையைக் காத்தான் ஒரு பேரரசன். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்குள் படையினர் பேரரசையே விலை கூறினர்.

யூலியானசின் ஆட்சி 66 நாளில் முடிந்தது. தன்யூப் எல்லைப் படைகளோடு வந்து அரியணையைக் கைப்பற்றிய செப்தீமியஸ் செவேரஸ், தனக்கு உயர்வு தந்தது எது என்பதை ஒருநாளும் மறந்திலன். மூன்று பெரும்படைகளைப் புதிதாகச் சேர்த்தான். நூறாண்டுக்கு மேலாக 300 வெள்ளிக்காசாகவே இருந்துவந்த சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தினான். விலைகள் ஏறிவந்த நிலையில் இவ்வுயர்வில் ஒரு பகுதி நீதியானதே. ஆனால் அதற்கு வேண்டிய வெள்ளி சுரங்கங்களில் இல்லை. ஆகவே காசில் வெள்ளி ஏறத்தாழப் பாதியாயிற்று, மறுபாதி செம்பு. 211 ஆம் ஆண்டில் யோர்க் நகரில் இறக்குந் தறுவாயில் அவன் தன் மைந்தர் இருவரையும் அழைத்து, ஒற்றுமையாயிருக்குமாறும், படைவீரரை வளப்படுத்துமாறும், ஏனையோரைப் பொருட்படுத்தாது விடுமாறும் அறிவுரை கூறினான் என்பர்.

மூத்த மகன் கரகல்லா அவ்வறிவுரையில் முதற்பகுதியை ஆண்டு முடியுமுன்னரே தம்பியைக் கொன்று மீறினான். இரண்டாம் பகுதியை மட்டும் முற்றாகக் கைக்கொண்டான். அவன் படைச் சம்பளத்தை உயர்த்தியதால் ஆண்டுதோறும் ஏற்பட்ட மேலதிகச் செலவு 7 கோடி வெள்ளிக்காசு. மரபுரிமை வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்ந்தது. 212 ஆம் ஆண்டில் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய யாவர்க்கும் உரோமக் குடியுரிமை வழங்கப்பட்டது. வரலாற்றிற் புகழ்பெற்ற இச்சட்டத்தின் நோக்கம், அவ்வரியைச் செலுத்துவோர் தொகையைப் பெருக்குவதே என்று அக்காலத்தவரான டியோ எழுதினார். 215 ஆம் ஆண்டில் புதிய காசொன்று வெளிவந்தது. இரண்டு வெள்ளிக்காசின் மதிப்பு அதற்கு விதிக்கப்பட்டது. அதிலிருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசுக்குரியதே. கரகல்லாவைத் தொடர்ந்து வந்த மக்ரீனஸ், பழைய வீரரின் ஊதியத்திற் கைவைக்காது புதிதாகச் சேர்வோர்க்கு மட்டும் குறைந்த சம்பளம் தர எண்ணினான். படை கிளர்ந்தெழுந்தது, 218 ஆம் ஆண்டில் அவன் தலை உருண்டது. ஏற்றப்பட்ட படைச் செலவை இறக்குதல் எத்துணை அரிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

235 ஆம் ஆண்டு தொடக்கம் 284 ஆம் ஆண்டு வரையான அரை நூற்றாண்டில் இருபதுக்கு மேற்பட்ட பேரரசர் தோன்றி மறைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வாளாலேயே மாண்டனர். புதிய பேரரசன் ஒவ்வொருவனும் முடிசூடும்பொழுது படைக்கு வெகுமதி வழங்க வேண்டியவனானான். வெகுமதிக்குக் காசு வேண்டும். காசுக்கு வெள்ளி வேண்டும். வெள்ளி இல்லாத இடத்திற் செம்பு சேர்ந்தது. கிழக்கே பாரசீகரும் வடக்கே கோத்தரும் தாக்கினர். 260 ஆம் ஆண்டில் வலேரியன் என்னும் பேரரசனே பாரசீக மன்னன் சாப்பூரிடம் சிறைப்பட்டான். அந்த நூற்றாண்டின் அறுபதுகள் முடியுமுன் காசில் எஞ்சிய வெள்ளி நூற்றுக்கு 5 வீதத்துக்கும் குறைவாயிற்று.

அந்த 260 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஆணையொன்று எகிப்தின் உலர்ந்த மணலில் இன்றுவரை அழியாது கிடைத்துள்ளது. ஒக்சிரிங்கஸ் என்னும் நகரிற் பணமாற்று வணிகர் பேரரசரின் காசை வாங்க மனமின்றித் தம் கடைகளை மூடிவிட்டனர். அவர்கள் உடனே கடைகளைத் திறத்தல் வேண்டும், வெளிப்படையான கள்ளக்காசு தவிர ஏனைய காசு யாவற்றையும் ஏற்றல் வேண்டும், மறுப்போர் தண்டனை பெறுவர் என்று மாவட்ட அதிகாரி கட்டளையிட்டான். ஒரு காலத்தில் கடல் கடந்த இலங்கையின் மன்னன், எவரும் வற்புறுத்தாமலே, உரோமக் காசின் நேர்மையை வியந்தான். இப்பொழுது உரோமரின் சொந்த மாகாணத்தில், சொந்த வணிகரைத் தண்டனை காட்டி அக்காசை வாங்கச் செய்ய வேண்டியதாயிற்று. நாணயத்தின் வீழ்ச்சியை இவ்விரு காட்சிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கொண்டே அளந்தறியலாம்.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. காசில் வெள்ளி குறைந்த அளவுக்கு விலைகள் உடனே ஏறிவிடவில்லை. எகிப்திய ஏடுகளின்படி, மூன்றாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கோதுமையின் விலை பெருமளவு நிலையாகவே இருந்தது. மக்கள் காசிலிருந்த வெள்ளியை நம்பாவிடினும் அதன் மீதிருந்த பேரரசனின் முகத்தை நம்பினர். அவுரேலியன் என்பான் 274 ஆம் ஆண்டளவில் காசைத் திருத்தி அமைக்க முற்பட்டபோது அந்நம்பிக்கை திடீரெனச் சரிந்தது. சில ஆண்டுகளுள் எகிப்திற் கோதுமை விலை ஏறக்குறைய 10 மடங்காயிற்று. நம்பிக்கை என்பது குளத்து நீர் போன்றது. அணையில் விழுந்த விரிசல் பல காலம் கண்ணுக்குப் புலப்படாதிருக்கலாம். உடையும்பொழுது ஒரே இரவில் உடைந்துவிடும். சேமித்து வைத்தவரும், குறித்த தொகையை ஊதியமாகப் பெற்றவரும் அவ்விரவில் எல்லாவற்றையும் இழந்தனர். படைவீரனும் அவர்களுள் ஒருவனே. அவனுடைய சம்பளத்தை உயர்த்துவதற்கென்று கெடுக்கப்பட்ட காசு, இறுதியில் அவன் சம்பளத்தையே விழுங்கிற்று.

284 ஆம் ஆண்டில் அரியணை ஏறிய டயோக்கிளீசியன் ஆற்றல் மிக்கவன். பேரரசை நால்வர் பகிர்ந்தாளும் முறையை அமைத்து எல்லைகளை உறுதிப்படுத்தினான். இதன்பொருட்டுப் படைத்தொகை 4 இலட்சம் அளவிற்கு உயர்ந்தது. அதனை நிருவகிக்கும் அலுவலர் தொகையும் பெருகிற்று. வரி கொடுப்பவரிலும் வரியில் உண்பவர் மிகுந்துவிட்டனர் என்று அக்காலத்து எழுத்தாளர் லக்தான்சியஸ் மனங்கசந்து எழுதினார். 301 ஆம் ஆண்டில் பேரரசன் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்றைப் பிறப்பித்தான். ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் ஊழியங்களுக்கும் உச்ச விலை அதில் விதிக்கப்பட்டது. மீறினால் மரண தண்டனை. ஒரே ஒரு பொருளை வாங்குவதற்குள் படைவீரன் தன் சம்பளத்தையும் வெகுமதியையும் பறிகொடுக்கின்றான் என்பது சட்டத்தின் முகவுரையிற் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அச்சட்டம் பொறித்த கல்வெட்டுகள் பல இடங்களிற் கிடைத்துள்ளன. ஒகஸ்தஸ் காலத்தில் ஓர் இறாத்தல் பொன், ஆயிரத்தைச் சற்றே மிஞ்சிய வெள்ளிக்காசுக்குச் சமமாயிருந்தது. 301 ஆம் ஆண்டில் அதன் உச்ச விலை 72,000. பண்ணைக் கூலியாளுக்கு உணவுடன் நாளொன்றுக்கு 25 காசு. ஒரு முகவைக் கோதுமைக்கு 100 காசு. எழுத்தறிவிக்கும் ஆசிரியனுக்கு மாணவன் ஒருவனிடமிருந்து மாதம் 50 காசு. ஆகவே அவன் ஒரு முகவைக் கோதுமை வாங்க இரு மாணவரின் மாதக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டும். சட்டமோ பலிக்கவில்லை. பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன. அற்பப் பொருளுக்காகவும் இரத்தம் சிந்தப்பட்டது. இறுதியிற் சட்டம் தானாகவே வழக்கொழிந்தது என்று லக்தான்சியஸ் கூறுவர். அவர் அப்பேரரசனை வெறுத்தவர் என்பதை நினைவிற் கொண்டாலும், சட்டம் நிலைக்கவில்லை என்பது உண்மையே. காசைக் கெடுத்தது அரசு. கழுமரம் காத்திருந்தது கடைக்காரனுக்கு.

காசு பயனற்றுப் போகவே, அரசு தானியமாகவும் துணியாகவும் ஆளாகவும் வரி பெறத் தலைப்பட்டது. நிலமும் உழவனும் அலகுகளாகக் கணக்கிடப்பட்டன. நகரசபை உறுப்பினர் தம் பகுதியில் வரி குறைந்தால் அதனைத் தம் சொத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டியவராயினர். முன்னர் பெருமையாயிருந்த அப்பதவியிலிருந்து தப்பியோடுவோர் பெருகினர். ரொட்டி சுடுவோரும் தானியக் கப்பலோட்டிகளும் தந்தையின் தொழிலையே மைந்தரும் செய்யுமாறு பிணிக்கப்பட்டனர். 332 ஆம் ஆண்டில் கொன்ஸ்தந்தைன் பிறப்பித்த சட்டமொன்று, நிலத்தை விட்டோடும் எண்ணமுடைய குத்தகை உழவரை விலங்கிடலாம் என்று அனுமதித்தது. இக்கட்டுப்பாடுகள் எல்லா இடங்களிலும் முழுமையாக நிறைவேறின என்பதற்கில்லை. எனினும் அவற்றின் நோக்கம் தெளிவு. படைக்கு உணவு தவறாது செல்லுதற்பொருட்டு நாடு முழுவதுமே ஒரு பாசறையாக்கப்பட்டது. சுதந்திர மக்களைக் காக்க எழுந்த படை, அவர்களுடைய சுதந்திரத்தையே விலையாகக் கேட்டது.

கொன்ஸ்தந்தைன் ஓர் இறாத்தலுக்கு 72 வீதம் அடிப்பித்த பொற்காசு, கிழக்குப் பேரரசில் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தூய்மை கெடாது வழங்கிற்று. அது பெருமைக்குரியதே. ஆனால் அப்பொன் படைத்தலைவர், உயரலுவலர், பெருநிலக்காரர் ஆகியோரின் கைகளிலேயே பெரும்பாலும் சுழன்றது. எளியவர் கையிலிருந்ததோ நாளுக்கு நாள் மதிப்பிழந்த செப்புக்காசு.

மேற்கில் முடிவு ஐந்தாம் நூற்றாண்டில் வந்தது. 408 ஆம் ஆண்டில் உரோமாபுரியை முற்றுகையிட்ட கோத்தர் தலைவன் அலாரிக், முற்றுகையை நீக்க 5,000 இறாத்தல் பொன்னும் 30,000 இறாத்தல் வெள்ளியும் 3,000 இறாத்தல் மிளகும் பெற்றான். இரண்டாண்டுகளின் பின் நகரம் அவன் கையிற் சூறையாடப்பட்டது. 439 ஆம் ஆண்டில் வளமிக்க வட ஆபிரிக்காவின் தலைநகர் கார்த்தேஜ் வந்தாலர் வசமாயிற்று. அங்கிருந்து வந்த வரியும் நின்றது. வரி குறையப் படை குறைந்தது. படை குறைய மாகாணங்கள் பறிபோயின. மாகாணங்கள் போக வரி மேலும் குறைந்தது. வரிச்சுமை தாளாத உரோமக் குடிகள் பகைவரிடமே அடைக்கலம் தேடுகின்றனர் என்று கோலியநாட்டுச் சமயகுரு சல்வியன் எழுதினார். காக்கும் படையை விடப் பகைவனே மேல் என்று குடிகள் எண்ணத் தொடங்கியபின் எந்த மதில் எவரைக் காக்கும்?

இவ்வரலாற்றின் கடைசிக் காட்சி தன்யூப் ஆற்றங்கரையில் நிகழ்ந்தது. இன்றைய ஜெர்மனியின் பசாவ் நகரிருக்கும் இடத்தில் உரோமப் படைப்பிரிவு ஒன்று காவல் செய்துவந்தது. எல்லைப் படைகளுக்குச் சம்பளம் வருவது நின்று, படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்த காலம் அது. இப்பிரிவு மட்டும் கலையாது நின்றது. அதன் வீரர் சிலர் தம் தோழர்க்குரிய கடைசிச் சம்பளத்தைப் பெற்றுவர இத்தாலிக்குப் புறப்பட்டனர். வழியிலே பகைவர் அவர்களைக் கொன்றனர். எவரும் அதனை அறியவில்லை. பின்னர் ஆற்று வெள்ளம் அவர்களுடைய உடல்களைக் கரையிற் கொண்டுவந்து சேர்த்தபொழுதே செய்தி தெரிந்தது. அப்பகுதியில் வாழ்ந்த செவெரீனஸ் என்னும் துறவியின் வரலாற்றில் இது கூறப்படுகின்றது. பேரரசர்களை ஆக்கியும் அழித்தும் ஏலம் கூறியும் நின்ற அதே படையின் வழித்தோன்றல்கள், இறுதியில் தமக்குரிய சிறு சம்பளத்தைத் தேடிச் சென்று மாண்டனர். அவர்கள் செய்த குற்றம் யாதுமில்லை. முந்நூறாண்டுப் பிழையின் கடனை அவர்கள் தம் உயிரால் தீர்த்தனர்.

படையே வேண்டாம் என்று உரோம வரலாறு கூறவில்லை. படையற்ற உரோமுக்கு வீதியும் இல்லை, வாணிகமும் இல்லை. செலவு எவ்வளவு என்ற கேள்வியோடு, அதனை எவர் கொடுக்கின்றார், கொடுப்பவர் அறிந்து கொடுக்கின்றாரா என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதே அது புகட்டும் பாடம். ஒகஸ்தஸ் வரியை வெளிப்படையாகக் கேட்டான், செல்வர் முணுமுணுத்தனர், நாடு வாழ்ந்தது. பின்வந்தோர் எவரையும் கேளாமல் காசிலிருந்து வெள்ளியைத் திருடினர், முதலில் எவரும் முணுமுணுக்கவில்லை, நாடு தேய்ந்தது.

அனுராதபுரம் முதலாக நம் இலங்கையின் பல இடங்களில் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமக் காசுகள் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவை பெரும்பாலும் விரல்நுனி அளவேயான சிறிய செப்புக்காசுகள். நெடுநாட் புழங்கியதாலும் மண்ணிற் கிடந்ததாலும் பலவற்றில் பேரரசரின் முகங்கள் தேய்ந்துபோயுள்ளன. நாலு நூற்றாண்டுகளுக்கு முன் இந்நாட்டு மன்னன் ஒருவன் கையில் ஏந்தி வியந்த அந்த ஒரே நிறையுள்ள வெள்ளிக்காசை அவற்றுக்கு அருகில் வைத்து நோக்குவோர்க்கு, ஒரு பேரரசின் வரலாறு முழுவதும் உள்ளங்கையிலேயே அடங்கிவிடும்.